உடைந்த ஓட்டில் பிறந்த அழகு!

மத்திய தரைக்கடல் ஓட்டல்களின் கதை

உலகத்தின் பெரிய நகரங்களில் இப்போது ஒரு வகை ஓட்டலை அடிக்கடி காணலாம்.

உள்ளே நுழைந்தால் பால் போன்ற வெள்ளைச் சுவர். நீலக் கதவு. காலடியில் செங்கல் நிறத் தரை. மூலையில் கூரிய அடியுடன் ஒரு பெரிய மண் ஜாடி. கோரை பின்னிய நாற்காலிகள். தலைக்கு மேலே திராட்சைக் கொடிப் பந்தல்.

இதற்கு "மத்திய தரைக்கடல் பாணி" என்று பெயர்.

இப்படி ஓர் ஓட்டலை அலங்கரிக்க ஏராளமான பணம் செலவாகிறது. அங்கே சாப்பிட வருகிறவர்களும் கனத்த பணப்பையுடன்தான் வரவேண்டும்.

ஆனால், இந்த அலங்காரப் பொருள்களின் பூர்வீகம் என்ன? அதைத் தேடிப் போனால் ஆச்சரியம் காத்திருக்கிறது. சுண்ணாம்பு, களிமண், உடைந்த ஓடு, புல் - இவ்வளவுதான் அதன் மூலதனம்! கையில் காசு அதிகம் இல்லாத ஜனங்கள், பக்கத்தில் கிடைத்ததை வைத்து, வெயிலையும் ஈரத்தையும் சமாளிக்கக் கண்டுபிடித்த வழிகள்தான் இன்று பணக்கார அலங்காரமாக மாறியிருக்கின்றன.

மூன்று கண்டங்களின் கடல்

ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்று கண்டங்களுக்கும் நடுவே கிடப்பது மத்திய தரைக்கடல். அதன் வடகரையில் ஸ்பெயின், பிரான்சு, இத்தாலி, கிரீஸ் ஆகிய நாடுகள் இருக்கின்றன. கிழக்கே துருக்கியும் லெபனானும். தெற்கே எகிப்து, துனிசியா, மொராக்கோ.

இவர்கள் பேசும் மொழி வேறு. கும்பிடும் தெய்வம் வேறு. ஆனால் வானம் ஏறக்குறைய ஒன்று. கோடையில் வெயில் கொளுத்தும்; மழை இராது. மழையெல்லாம் குளிர்காலத்தில்தான். பல இடங்களில் மரம் குறைவு. கல்லும் மண்ணும் அதிகம்.

ஆகவே இந்தக் கரைகளில் வீடு கட்டியவர்களும் சாப்பாட்டுக் கடை வைத்தவர்களும் ஒரே மாதிரியான கேள்விகளுக்கு விடை தேட வேண்டியிருந்தது. வெயிலை எப்படித் தடுப்பது? தரையில் கொட்டும் தண்ணீரை என்ன செய்வது? சுவரை எப்படிச் சுத்தமாக வைப்பது?

எரிமலை மூடிய சாப்பாட்டுக் கடை

இத்தாலி நாட்டில் பாம்பேய் என்று ஒரு பழைய நகரம் உண்டு. கி.பி. 79-ம் ஆண்டில் பக்கத்திலிருந்த வெசூவியஸ் எரிமலை வெடித்தது. நகரம் முழுவதும் சாம்பலுக்கும் எரிமலைக் கற்களுக்கும் அடியில் புதைந்து போயிற்று.

அப்படிப் புதைந்த ஊரில் சுமார் 80 சாப்பாட்டுக் கடைகள் இருந்தன என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். நடுத்தர ஜனங்களும் ஏழைகளும் வீட்டுக்கு வெளியே இந்தக் கடைகளில் வாங்கிச் சாப்பிடுவது அக்காலத்து வழக்கம்.

2019-ம் ஆண்டில் அத்தகைய கடை ஒன்று மண்ணுக்குள்ளிருந்து தலைகாட்டியது. 2020 டிசம்பரில் அதை முழுவதும் தோண்டி எடுத்த செய்தி உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. 2021 முதல் பொதுமக்களும் பார்க்கிறார்கள்.

கடையின் முன்னால் காரையால் கட்டிய மேடை. அந்த மேடைக்குள்ளேயே பெரிய பெரிய தாழிகள் புதைக்கப்பட்டிருக்கின்றன. தாழியின் வாய் மட்டும் மேலே தெரியும். கடைக்காரர் மேடைக்குப் பின்னால் நின்றபடியே உணவை எடுத்துக் கொடுக்கலாம். தாழி உருளாது, உடையாது. இடமும் மிச்சம்.

மேடையின் முகப்பில் அழகான வர்ணச் சித்திரங்கள். ஒரு சேவல். தலைகீழாகத் தொங்கும் இரண்டு வாத்துகள். சங்கிலியில் கட்டிய ஒரு நாய். கடல் குதிரை மீது ஏறிவரும் தேவகன்னி.

வாத்துப் படம் வெறும் அழகுக்காகத் தீட்டப்பட்டதாகத் தோன்றவில்லை. அந்தக் கடையில் ஒரு பாத்திரத்துக்குள் வாத்து எலும்புத் துண்டே கிடைத்திருக்கிறது! பன்றி, ஆடு, மீன், நத்தை ஆகியவற்றின் மிச்சங்களும் கிடைத்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்து, கடையில் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள முடியும். சுவர்ச் சித்திரமே விலாசப் பலகை. அதுவே உணவுப் பட்டியல்!

தரையில் என்ன இருந்தது?

அந்தக் கடையின் தரைதான் இன்னும் விசேஷமானது.

உடைந்த ஓடுகளையும் மண்பாண்டங்களையும் இடித்துச் சுண்ணாம்புடன் கலந்து தரை போட்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கொத்தனார்கள் செங்கல்லைப் பொடி செய்து "சுர்க்கி" என்று சுண்ணாம்பில் சேர்த்தார்கள் அல்லவா? அதே தந்திரம்தான். சுட்ட மண்ணின் தூள் சுண்ணாம்புடன் சேர்ந்தால் காரை கெட்டிப்படும். தண்ணீர் எளிதில் இறங்காது. குழம்பும் மதுவும் கொட்டுகிற கடைக்கு இதைவிடப் பொருத்தமான தரை ஏது?

அத்துடன் விடவில்லை. பெரிய மாளிகைகளுக்குப் பதிக்கும் உயர்ந்த ரகச் சலவைக்கல் துண்டுகளையும் அங்கங்கே பதித்திருக்கிறார்கள். வெள்ளை, பச்சை, சாம்பல் என்று பல நிறத் துண்டுகள்! முழுக் கல் வாங்க வசதியில்லாத கடைக்காரர் துண்டுக் கல்லால் தன் கடைக்கு அழகு சேர்த்துக்கொண்டார். பாம்பேயில் வேறு கடைகளிலும் மேடையின் முகப்பில் இத்தகைய உடைந்த சலவைக்கல் ஒட்டு வேலையைப் பார்க்கலாம்.

இன்று ஓட்டல்களிலும் வீடுகளிலும் சலவைக்கல் சில்லுகள் பதித்து மெருகிட்ட தரையைப் பார்க்கிறோம். அதன் மூத்த உறவினர்களில் ஒன்று இந்த ஏழைக் கடைத் தரை.

உடைந்த ஜாடிகளால் ஒரு மலை

ஓடு உடைந்தால் குப்பை என்போம். ரோமாபுரியில் அந்தக் குப்பை ஒரு மலையாகவே வளர்ந்தது!

அந்த நகரத்துக்கு ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆலிவ் எண்ணெய் வந்தது. எண்ணெய் வந்த ஜாடிக்கு "ஆம்போரா" என்று பெயர். இரண்டு காதும் கூரிய அடியும் கொண்ட மண் ஜாடி அது. அடி கூராக இருப்பதால் கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி அடுக்கலாம். மணலில் நட்டும் வைக்கலாம்.

எண்ணெய் ஊறிய ஜாடியில் சிக்கல் அடிக்கும். திரும்ப உபயோகிக்க முடியாது. ஆகவே அவற்றை உடைத்து ஒரே இடத்தில் கொட்டினார்கள். நாற்றம் வராமல் இருக்க மேலே சுண்ணாம்பைத் தூவினார்கள். நாளடைவில் அது சுமார் 35 மீட்டர் உயரக் குன்றாகிவிட்டது. அதற்கு "ஓட்டு மலை" என்ற பொருளில் மோன்ட்டே டெஸ்டாச்சோ என்று பெயர்.

பிற்காலத்தில் அந்தக் குன்றின் அடிவாரத்தைக் குடைந்து, மது வைக்கும் நிலவறைகள் அமைத்தார்கள். சில்லுகளுக்கு இடையே உள்ள சந்துகளில் காற்று புகுந்து வருவதால் உள்ளே குளுகுளு என்று இருக்கும். இன்று அங்கே உணவகங்கள் நடக்கின்றன. சில உணவகங்களில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பழைய ஜாடிச் சில்லுகள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முந்திய குப்பையே அங்கே சுவர் அலங்காரம்!

அந்த ஜாடிகள் தமிழ்க் கரைக்கும் வந்தன. புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டில் 1945-ம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் என்ற தொல்பொருள் ஆராய்ச்சியாளர் தோண்டியபோது ஆம்போராத் துண்டுகள் கிடைத்தன. மத்திய தரைக்கடல் நாடுகளிலிருந்து திராட்சை மதுவையும் எண்ணெயையும் சுமந்து வந்த ஜாடிகள் அவை.

வெறுங்காலுடன் பரிமாறியவர்கள்

சாப்பாட்டு அறையை எப்படி அமைக்க வேண்டும் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயர் விட்ருவியஸ். ரோமாபுரிக் கட்டடக் கலைஞர். கட்டடக் கலையைப் பற்றிப் பத்துப் பகுதிகள் கொண்ட நூலை எழுதியவர்.

குளிர்காலச் சாப்பாட்டு அறை தென்மேற்கைப் பார்த்து இருக்கவேண்டும் என்கிறார் அவர். மாலை வெயிலும் வெளிச்சமும் உள்ளே வரும். கோடைக்காலச் சாப்பாட்டு அறை வடக்கைப் பார்த்து இருக்கவேண்டும். அங்கே வெயிலின் கொடுமை இராது.

குளிர்கால அறையில் விலை உயர்ந்த சித்திரங்கள் வேண்டாம் என்றும் எச்சரிக்கிறார். கணப்பின் புகையும் விளக்குக் கரியும் அவற்றைப் பாழாக்கிவிடும். சுவரின் கீழ்ப்பகுதியில் கறுப்பு வர்ணம் பூசி மெருகிட்டால் போதும், அழுக்கும் தெரியாது.

கிரேக்கர்கள் போட்ட ஒரு தரையைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். இரண்டடி பள்ளம் தோண்டி, ஓட்டுச் சில்லும் கரியும் போட்டு இடித்து, அதன்மேல் சுண்ணாம்பு, மணல், சாம்பல் கலந்த காரையைப் பூசுவார்கள். விருந்தில் மது சிந்தினால் அந்தத் தரை உடனே உறிஞ்சிவிடும். பரிமாறுகிறவர்கள் வெறுங்காலுடன் நடந்தாலும் குளிர் ஏறாதாம்!

அலங்காரத்தைப் பற்றி எழுதும்போது, பரிமாறுகிறவரின் பாதத்தையும் நினைத்துப் பார்த்திருக்கிறார் அந்தக் கலைஞர்.

பணக்காரர் வீட்டு விருந்து அறையில் வேடிக்கைக்கும் குறைவில்லை. சாப்பிட்டுக் கீழே போட்ட மிச்சங்களையே தரையில் சித்திரமாகப் பதித்தார்கள். மீன் முள், நண்டுக் கால், பழத்தோல், கொட்டை - எல்லாம் சிறு சிறு வர்ணக் கல்லால் ஆனவை. பெருக்க மறந்த தரை போலவே இருக்கும். ரோமாபுரியில் கிடைத்த அத்தகைய தரை ஒன்று வாத்திகன் காட்சிசாலையில் இருக்கிறது. அதில் ஒரு சுண்டெலி கொட்டையைக் கொறிக்க வருகிறது!

வெள்ளைச் சுவரின் ரகசியம்

இனி, சுவரைப் பார்ப்போம்.

சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் இட்டுச் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடியும் கல்லாகிவிடும்! சுவரின் மேல் மெல்லிய கல் சட்டை மாட்டியது போலத்தான்.

இந்த வெள்ளைச் சட்டை வெயிலைத் திருப்பி அனுப்பும். புதுச் சுண்ணாம்பின் காரம் பல கிருமிகளைக் கொல்லும். சுவருக்குள் ஈரம் இருந்தால் அது ஆவியாகி வெளியே போகவும் வழிவிடும்.

கிரேக்கத் தீவான சாந்தோரினியில் மரம் கிடைப்பது அரிது. உத்திரம் போட வழியில்லை. ஆனால் எரிமலை மண் ஏராளம். அந்த மண்ணைச் சுண்ணாம்புடன் கலந்தால் உறுதியான காரை கிடைக்கும். அதைக் கொண்டு உத்திரமே இல்லாமல் வளைவுக் கூரை கட்டினார்கள். எரிமலைச் சாம்பல் சரிவைக் குடைந்தும் வீடு அமைத்தார்கள். இன்றைய ஓட்டல்களில் காணும் வளைவுகளும் மாடங்களும் அந்த மரப் பஞ்சத்தின் குழந்தைகள்தான்.

நீல நிறம்? துணிக்குப் போடும் நீலப் பொடியைச் சுண்ணாம்பில் கலந்து பூசுவது கிரேக்கத் தீவுகளின் வழக்கம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது வாளியில் சிறிது நீலம் கலக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இது புதுமையாக இராது.

சோப்புத் தேய்த்த சுவர்

தென்கரை மொராக்கோ நாட்டுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்.

மாராக்கேஷ் நகரத்துச் சுண்ணாம்பைச் சுவரில் பூசி, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். பிறகு ஆலிவ் எண்ணெயில் செய்த கறுப்புச் சோப்பைத் தடவி மறுபடியும் தேய்ப்பார்கள். சோப்பும் சுண்ணாம்பும் ஒன்று சேர்ந்து, தண்ணீரில் கரையாத புதுப்பொருளாக மாறிவிடும். சுவர் தண்ணீரை உள்ளே விடாது. பளபளவென்று மின்னும். இதற்குத் "தடலாக்த்" என்று பெயர். குளியல் அறைகளில் இதை அதிகம் உபயோகித்தார்கள். செட்டிநாட்டில் சுண்ணாம்புடன் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து தேய்த்த சுவரைக் கண்டவர்களுக்கு இந்த வேலையின் அருமை தெரியும்.

ஃபெஸ் நகரத்தில் வர்ண ஓடு வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சுட்டு, வர்ணம் ஏற்றிய ஓட்டைக் கூரிய சுத்தியலால் நட்சத்திரமாகவும் முக்கோணமாகவும் கையாலேயே கொத்துவார்கள். வர்ண முகம் கீழே இருக்கும்படி துண்டுகளைக் கவிழ்த்து அடுக்கி, மேலே காரை ஊற்றுவார்கள். முடிந்த பிறகு புரட்டினால்தான் கோலம் தெரியும்! ஒரு துண்டைப் போல மறு துண்டு இராது. விளக்கு வெளிச்சம் பட்டால் தண்ணீர் அசைவது போல் தோன்றுவதற்கு அதுவே காரணம்.

பந்தலும் நாற்காலியும்

கடை வாசலில் திராட்சைப் பந்தல் போடுவதிலும் ஒரு கணக்கு உண்டு. கோடையில் இலை தழைத்து நிழல் தரும். குளிர்காலத்தில் இலை முழுவதும் உதிர்ந்து, வேண்டிய வெயிலை உள்ளே விடும். விசையில்லாமல் திறந்து மூடும் கூரை!

கோரை பின்னிய நாற்காலியும் மலிவுப் பொருள்தான். ஓவியர் வான்கா 1888-ம் ஆண்டில் தென் பிரான்சிலுள்ள ஆர்ல் நகரத்தில் வசித்தபோது, தம் அறையிலிருந்த அப்படிப்பட்ட நாற்காலியைச் சித்திரமாகத் தீட்டினார். கீழே செந்நிற ஓட்டுத் தரை. அந்தச் சித்திரம் லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது.

நகல் எடுத்தால் என்ன ஆகும்?

இவ்வளவும் காரணத்துடன் பிறந்தவை. காரணத்தை விட்டுத் தோற்றத்தை மட்டும் எடுத்தால்?

ஈரம் ஊறும் பழைய சுவரில் வெள்ளைப் பிளாஸ்டிக் வர்ணத்தைப் பூசினால், ஈரம் வெளியே போக முடியாமல் உள்ளேயே தங்கும். சில நாளில் வர்ணம் கொப்பளித்து உரியும்.

அழகுக்காகச் சலவைக்கல் மேஜை போடுகிறார்கள். மத்திய தரைக்கடல் சமையலிலோ எலுமிச்சம்பழம், காடி, தக்காளி இல்லாத நாளில்லை. சலவைக்கல்லும் சுண்ணாம்பு இனம்தான். புளிப்புப் பட்டால் அது அரித்துவிடும். மெருகு போய் மங்கிய வட்டங்கள் விழும். வீட்டில் சலவைக்கல் வைத்திருக்கும் குடும்பத்தினரும் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை சத்தம். அந்த நாடுகளில் முற்றத்திலும் தெரு ஓரத்திலும் பந்தலுக்கு அடியிலும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பேச்சுச் சத்தம் வானத்துக்குப் போய்விடும். அதே கல் தரையையும் காரைச் சுவரையும் மூடிய அறைக்குள் அமைத்தால் சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான் என்பதை 1911-ம் ஆண்டில் லொம்பார் என்ற பிரெஞ்சு வைத்தியர் எடுத்துக் காட்டினார். ஒரு மேஜைக்காரர் உரத்துப் பேச, மறு மேஜைக்காரர் அதைவிட உரத்துப் பேச, கடைசியில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. பேரன் சொல்வது பாட்டியின் காதில் விழாது.

இது சின்ன விஷயம் இல்லை. 2010-ம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, கலாசார ஸ்தாபனமான யுனெஸ்கோ, மத்திய தரைக்கடல் உணவு முறையை மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. உணவுப் பண்டங்களுக்காக மட்டும் அந்தப் பெருமை கிடைக்கவில்லை. எல்லாரும் கூடி உட்கார்ந்து, பேசிச் சிரித்துச் சாப்பிடும் பழக்கத்துக்கும் சேர்த்துத்தான். பேச முடியாத அறையில் அந்த விருந்து பாதி விருந்துதான்.

விஷயம் தெரிந்தவர்கள் அதற்கும் வழி செய்கிறார்கள். மரக் கூரை, தடித்த திரை, மெத்தை இருக்கை, மேஜை விரிப்பு ஆகியவை சத்தத்தை ஓரளவு விழுங்கிவிடும். மேஜைகளை நெருக்கிப் போடாமல் இருப்பதும் உதவும்.

கை வேலையின் விலை

காலம் ஒரு விசித்திரமும் செய்துவிட்டது. ஒரு நாள் ஏழையின் பொருளாக இருந்தது கை வேலை. இன்று கையால் வெட்டிய ஓடு விலை உயர்ந்த சரக்கு. அதைப் போலவே அச்சடித்த யந்திர ஓடு மலிவு. யந்திர ஓட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். சற்றுத் தள்ளிப் பார்த்தால் அதே கீறல், அதே கறை மறுபடியும் மறுபடியும் வரும்.

மாராக்கேஷில் இன்றும் கூழாங்கல்லால் சுவரைத் தேய்க்கும் தொழிலாளிகள் இருக்கிறார்கள். ஃபெஸ் நகரத்தில் சிறு பிள்ளையாக இருந்தபோதே சுத்தியல் பிடித்துப் பழகிய கைகள் இன்றும் ஓடு கொத்துகின்றன. இந்த வேலையைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது. தகப்பனோ குருவோ பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். வருஷக்கணக்கில் பழக வேண்டும்.

சுண்ணாம்பு இன்றும் மலிவுதான். களிமண்ணுக்கும் பஞ்சமில்லை. அவற்றைப் பக்குவம் பார்த்துப் பூசத் தெரிந்த கைகள்தான் அபூர்வமாகி வருகின்றன.